ஆயிரம் வருஷத்து ஏரியும் அறுநூறு அறை ஓட்டலும்

சேத்தியாத்தோப்பில் ஒருவர் "ஓட்டலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னால் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்று அர்த்தம். ராத்திரி தங்குவதற்கு இருப்பது ஓட்டல் இல்லை, லாட்ஜ். நானூறு பேரைக் கூட்டி வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்றால் கல்யாண மண்டபம். ஆக மூன்று வேலைக்கு மூன்று கட்டிடம், மூன்று முதலாளி, மூன்று பில்!

இந்த மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, கூடவே நகரத்தின் நடுவில் வைத்து, கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் அரசாங்கங்களுக்கும் மொத்தமாக விற்றால் அதுதான் மாநாட்டு ஓட்டல். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய உதாரணம் சென்னை கிண்டியில் இருக்கும் ஐ.டி.சி. கிராண்ட் சோழா. 600 அறைகள். பெயரிலேயே சோழன். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பெயர் சும்மா ஒரு பெயர் இல்லை. ஏன் என்பது கட்டுரையின் கடைசியில். அதற்கு முன்னால் சென்னையில் ஓட்டல் என்ற சமாச்சாரம் எப்படி வளர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

காசு வாங்காத சத்திரம்

ஊர்விட்டு ஊர் போகிறவன் தங்குவதற்குக் காசு கொடுப்பது என்பதே தமிழ்நாட்டில் ரொம்பப் பிந்தி வந்த வழக்கம். அதற்கு முன்னால் இருந்தது சத்திரம். ராஜாவோ செட்டியாரோ முதலியாரோ நிலத்தை எழுதி வைப்பார். அந்த நில வருமானத்தில் வழிப்போக்கனுக்குத் திண்ணையும் சாதமும் கிடைக்கும். தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் இராமேஸ்வரம் போகிற பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அதில் பெயர் பெற்றது. சிதம்பரத்திலும் தரிசனத்துக்கு வருகிறவர்களுக்காகச் சத்திரங்கள் இருந்தன. சென்னையில் ரயில் வந்த பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரிலேயே சவளை ராமசாமி முதலியார் சத்திரம் 1880களில் வந்தது.

கணக்குப் பாடத்தின் மொழியில் சொன்னால் சத்திரத்துக்கு மூலதனம் உண்டு, செலவு உண்டு, விற்பனை கிடையாது. லாபம் எழுதும் இடத்தில் புண்ணியம் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே திண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். யார் எங்கே உட்காரலாம், யாருக்குச் சமைத்துப் போடுவார்கள் என்பதை அங்கேயும் ஜாதிதான் முடிவு செய்தது.

மவுண்ட் ரோட்டின் வடக்குப் பக்கம்

காசு வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் ஓட்டல் வெள்ளைக்காரன் தேவைக்காக வந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவனுக்கு மெத்தை, மேஜை, சாராயம் எல்லாம் வேண்டும். 1854ல் மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் இம்பீரியல் ஓட்டல் என்று ஒன்று ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் வெள்ளைக்காரர் இல்லை, திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார்! 1886ல் அதன் பெயர் ஆல்பனி ஆயிற்று. 1890ல் அப்போதைய சென்னை கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரை வைத்தார்கள். அடுத்த வருஷமே ஸ்பென்சர் கம்பெனியின் யூஜின் ஓக்ஷாட் அதை வாங்கினார். இன்றைக்கு தாஜ் கன்னிமாரா என்று இருப்பது அதே ஓட்டல்தான்.

அதே மவுண்ட் ரோட்டில் டி ஏஞ்சலிஸ் என்று இன்னொரு ஓட்டல் இருந்தது. அதன் முதலாளி கோர்சிகா தீவுக்காரர். 1910ல் சென்னையில் சொந்தமாக ஒரு விமானத்தைச் செய்து பறந்து காட்டியவர் அவர். ஓட்டல்காரர் விமானம் விட்ட ஊர் சென்னை!

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த ஓட்டல்களில் விருந்து நடந்தது, நடனம் நடந்தது. பொதுக்கூட்டமும் மாநாடும் நடந்ததெல்லாம் வேறு இடத்தில். சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால், கடற்கரை, பந்தல் போட்ட மைதானம். ஓட்டல் என்பது தங்குகிறவனுக்கு, கூட்டம் என்பது ஊருக்கு என்று இரண்டும் தனித்தனியாகவே இருந்தன.

உடுப்பிக்காரர்கள் வந்தார்கள்

இரண்டையும் சேர்த்து வைக்க ஆரம்பித்தவர்கள் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கே. கிருஷ்ணராவ் மாவு அரைக்கிற வேலையிலிருந்து மேலே வந்தவர். 1938ல் ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' பங்களாவை வாடகைக்கு எடுத்து ஓட்டல் ஆக்கினார். சைவச் சாப்பாடு, தங்க அறை, சுற்றிலும் தோட்டம். பின்னால் கதீட்ரல் சாலையின் தொடர்ச்சியில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962ல் அதே சாலையில் டிரைவ் இன் உட்லண்ட்ஸ் வந்தது. (அது 2008ல் மூடப்பட்டு 2010ல் செம்மொழிப் பூங்கா ஆனது.) பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீதாராமராவின் தாசப்பிரகாஷ் வந்தது.

இந்த ஓட்டல்கள்தான் நடுத்தரக் குடும்பங்களை உள்ளே விட்டவை. கல்யாணம், நிச்சயதார்த்தம், ரோட்டரி கிளப் கூட்டம், சங்கீத சீசனுக்கு வருகிற வித்வான் தங்குவது என்று எல்லாம் அங்கே நடந்தது.

ஆனால் அந்தக் காலத்து ஓட்டல் வாசலில் இன்னொரு கதவும் இருந்தது. பல சாப்பாட்டு ஓட்டல்களில் 'பிராமணாள்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். பிராமணர்களுக்கு என்று உள்ளே தனி இடம் வைத்திருந்த ஓட்டல்களும் உண்டு. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் போராட்டம் தொடங்கினார். நாள் கணக்கில் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் போர்டு மாறியது. ஓட்டல் பொது இடம்தானா, யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி தெருவுக்கு வந்து பதில் பெற்ற சம்பவம் இது. ஓட்டல் சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிட்டு சாம்பார் ருசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

1975: சிகரெட் கம்பெனி ஓட்டல் திறக்கிறது

1970களில் ஆட்டம் மாறியது. 1974ல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் திறந்தது. அடுத்த வருஷம் ஐ.டி.சி. வந்தது.

ஐ.டி.சி. என்பது 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியாக ஆரம்பித்த சிகரெட் கம்பெனி. 1970ல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆகி, 1974ல் வெறும் மூன்று எழுத்தாகச் சுருங்கியது. சிகரெட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று வேறு தொழில்களைத் தேடிய நேரம் அது. முதலில் கையில் எடுத்த புதுத் தொழில்களில் ஒன்று ஓட்டல். 1975ல் சென்னை கதீட்ரல் சாலையில் ஒரு ஓட்டலை வாங்கி 'சோழா' என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு சென்னைக்காரர்கள் வாயில் அது 'சோழா ஷெரட்டன்' ஆனது. நாடு முழுக்கப் பரவிய ஐ.டி.சி. ஓட்டல்களுக்கெல்லாம் முதல் பிள்ளை டில்லியிலோ கல்கத்தாவிலோ பிறக்கவில்லை. சென்னையில், சோழன் பெயரில் பிறந்தது. அது இன்று வெல்கம்ஹோட்டல் என்ற பெயரில் நடக்கிறது.

ஏன் ஓட்டல்? கம்பெனி சொன்ன காரணங்கள் மூன்று: அந்நியச் செலாவணி கிடைக்கும், சுற்றுலாவுக்கு வசதி உண்டாகும், நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும். அந்தக் காலத்து இந்தியாவில் டாலர் சம்பாதிப்பவனுக்கு ராஜ மரியாதை. வெளிநாட்டுக்காரன் வந்து தங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே ஏற்றுமதி செய்த மாதிரி!

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் 1971ல் தள்ளி வைக்கப்பட்ட மதுவிலக்கு 1974ல் திரும்ப வந்தது. தாஜும் சோழாவும் வந்தது அதே சமயம். ஊர் முழுக்க மது கிடையாது, நட்சத்திர ஓட்டலில் மட்டும் பர்மிட் காட்டினால் கிடைக்கும். வெளியே ஒரு சட்டம், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு சட்டம் என்று சாதாரண ஜனங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றாலே அது 'நமக்கான இடம் இல்லை' என்ற எண்ணம் அப்போதுதான் கெட்டிப்பட்டது.

கூட்டத்தை விற்கிற வியாபாரம்

1991க்குப் பிறகு கதையே வேறு. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2000ல் தரமணியில் டைடல் பார்க். வருகிறவன் சுற்றுலாப் பயணி இல்லை, இன்ஜினியர், ஆடிட்டர், மேனேஜர். தனியாகவும் வரவில்லை, நாற்பது பேராக வந்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஓட்டல் ஒரு நல்ல பாடம். துணிக்கடையில் இன்று விற்காத புடவையை நாளைக்கு விற்கலாம். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. அந்த ராத்திரி போனது போனதுதான். சாயங்காலம் மீந்து போன கீரைக்கட்டை விட மோசம்! 600 அறை என்றால் வருஷத்துக்கு 2,19,000 ராத்திரிகள். ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகத் தேடி விற்பது நடக்கிற காரியமா?

அதற்குத்தான் மாநாடு. ஒரு மருத்துவர் சங்கமோ கார் கம்பெனியோ 200 அறைகளை மூன்று நாளைக்கு எடுத்தால் ஒரே கையெழுத்தில் 600 ராத்திரிகள் விற்றாயிற்று. அறை வாடகை 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அதுவே 60 லட்சம். அதற்கு மேல் ஹால் வாடகை, காலை டிபன், பதினோரு மணி டீ பிஸ்கட், மதியச் சாப்பாடு, ராத்திரி விருந்து. தனியாக வந்து தங்குகிறவன் வெளியே போய் சாப்பிட்டுவிடுவான். மாநாட்டுக்கு வந்தவன் எங்கேயும் போக மாட்டான், போக விட மாட்டார்கள்!

வாரநாட்களில் கம்பெனி, சனி ஞாயிறிலும் முகூர்த்த நாட்களிலும் கல்யாணம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் கம்பெனிக்காரன் ஆடி மார்கழி பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆக மாநாட்டு ஓட்டல் விற்பது அறையை இல்லை, கூட்டத்தை.

கிராண்ட் சோழா

இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுக் கட்டியதுதான் 2012ல் திறந்த கிராண்ட் சோழா. கன்னிமாரா மவுண்ட் ரோட்டின் ஒரு பக்கம் என்றால் இது அதே ரோடு தெற்கே போய் முடிகிற கிண்டிப் பக்கம். முன்பு கேம்பா கோலா வளாகமாக இருந்த இடம். ஏன் கிண்டி? விமான நிலையம் பக்கம், 1958லிருந்து இருக்கிற தொழிற்பேட்டை பக்கம், ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற சாலைகளுக்கும் பக்கம். 2001ல் வந்த நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் அருகில்தான். பகலில் அங்கே மாநாடு, ராத்திரி இங்கே படுக்கை. நகரத்தின் மையம் என்பது வரைபடத்தில் இருக்கிற புள்ளி இல்லை, வியாபாரம் எங்கே நகர்கிறதோ அங்கே அதுவும் நகர்கிறது.

கூட்டம் போடும் இடங்கள் மட்டும் ஒரு லட்சம் சதுர அடி, அதாவது இரண்டேகால் ஏக்கருக்கு மேல். அதில் பெரிய ஹால் தூணே இல்லாமல் 26,540 சதுர அடி. நம்மூர்க் கணக்கில் சுமார் 60 சென்ட்! அதன் பெயர் இராஜேந்திரா. கட்டிடத்தின் தோற்றத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது சோழர் கோயில் கலையை. கருங்கல் தூண் நட்டுக் கோயில் கட்டியவர்களின் பெயரில் தூண் இல்லாத மண்டபம்.

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் சந்திப்புக்காக வந்தபோது தங்கியது இந்த ஓட்டலில்தான். இராஜேந்திர சோழன் காலத்திலேயே சீனத்துக்குத் தூதர்கள் போனார்கள். ஆயிரம் வருஷம் கழித்துச் சீனாவிலிருந்து வந்தவர் சோழன் பெயர் வைத்த வீட்டில் தங்கினார். யாரும் திட்டம் போட்டுச் செய்தார்களோ என்னவோ, பொருத்தம் அமைந்துவிட்டது.

இவ்வளவு பெரிய ஓட்டல் சுலபமான தொழிலும் இல்லை. போட்ட பணம் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். 2020 ஊரடங்கில் மாநாடும் இல்லை, கல்யாணமும் இல்லை, ஹால்கள் பூட்டிக் கிடந்தன. சிகரெட்டில் வருகிற லாபத்தை ஓட்டல் தின்கிறது என்று ஐ.டி.சி. பங்குதாரர்கள் பல வருஷமாகக் குறைப்பட்டதும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் ஓட்டல் தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. பத்து ஐ.டி.சி. பங்குக்கு ஒரு ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பங்கு கொடுத்தார்கள், 40 சதவீதத்தைத் தாய்க் கம்பெனி வைத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் பார்க் ஷெரட்டனாக இருந்த அடையாறு கேட் ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வருகின்றன. நிலத்தின் விலை ஏற ஏற, தினம் கூட்டம் சேர்த்துப் பிழைப்பதைவிட ஒரே தடவை விற்றுவிடுவது லாபம் என்று ஆகிவிடுகிறது.

சேத்தியாத்தோப்பு எங்கே வருகிறது?

இப்போது ஆரம்பத்தில் விட்ட விஷயம்.

கிண்டியில் இருப்பது சோழன் பெயர். சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் இருப்பது சோழன் வெட்டிய ஏரி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராஜாதித்தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டியதாகச் சொல்லப்படும் வீரநாராயணன் ஏரி. இன்றைய வீராணம். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அதே ஏரிக்கரை. கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது.

2004ல் புதிய வீராணம் திட்டம் தொடங்கியது. சேத்தியாத்தோப்பு அருகில் ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து, வடக்குத்தில் சுத்தம் செய்து, கடம்புலியூர் வரை பம்ப் வைத்து ஏற்றி, அங்கிருந்து தானாகவே ஓடிச் சென்னை போரூர் போய்ச் சேருகிற மாதிரி குழாய் போட்டார்கள். சுமார் 230 கிலோமீட்டர். முழுத் திறனில் ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். அதற்கு முன்னால் 1970களில் ஒரு வீராணம் திட்டம் தோற்றுப்போய், ராட்சசக் குழாய்கள் சாலை ஓரம் வருஷக்கணக்கில் கிடந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். வீடில்லாதவர்கள் அதற்குள் குடித்தனம் நடத்தினார்கள்.

2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டன. ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன, ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அந்த மாதங்களில் நகரத்தைத் தாங்கியதில் வீராணம் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. நாலே மாதத்தில் சீன அதிபர் வந்தார், நகரம் ஜொலித்தது. எந்தக் குழாயில் எந்த ஏரித் தண்ணீர் வருகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 600 அறைகளும் மாநாடுகளும் நடக்கிற ஒரு நகரம் நிற்பதற்கு இந்த ஏரியும் ஒரு தூண் என்பதில் சந்தேகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூண்.

இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஏரி வெட்டியபோது அதைத் தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். சோழர்களுக்குப் பெருமை என்பது கோயில் மட்டும் இல்லை, ஏரியும்தான். அவர்கள் பெயரைக் கடன் வாங்கியவர்கள் கோயிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னைக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று சொல்வது நியாயம் இல்லை. அங்கே குடிப்பவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர்களின் சொந்தக்காரர்களாகக் கூட இருப்பார்கள். ஆனால் ஏரியைத் தூர் வாரச் சொல்லியும், ஏரியில் இருக்கிற தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு என்று கேட்டும் விவசாயிகள் வருஷா வருஷம் மனு கொடுக்கிறார்கள். முதலீட்டாளர் மாநாடுகளில் நிலம், மின்சாரம், ஆள்பலம் எல்லாம் கணக்குக்கு வருகிறது. ஏரியை வெட்டியவன் கூலியும் அதைக் காப்பாற்றுகிறவன் கூலியும் எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வருவதில்லை.

சத்திரத்தில் ஜாதி பார்த்தார்கள். கன்னிமாராவில் நிறம் பார்த்தார்கள். 'பிராமணாள்' போர்டை மறியல் செய்து இறக்கினார்கள். இன்றைய கதவில் போர்டு எதுவும் இல்லை, பில் மட்டும்தான் இருக்கிறது. அது முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. ஆனால் உள்ளே வர முடியாதவனுடைய ஏரித் தண்ணீரும் அந்த நகரத்துக்குள் போகிறது என்றால், அவனுக்கும் அங்கே ஒரு கணக்கு இருக்கத்தானே வேண்டும்?

சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறுகிறவர்கள் அடுத்த தடவை வடக்குத்து, கடம்புலியூர் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். பஸ்ஸோடு சேர்ந்து சோழன் ஏரியும் மண்ணுக்கடியில் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கும். பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. அதற்கு டிக்கெட் கிடையாது.